கூடுதலாக ஒரு தட்டு

டிசம்பர் 22, திங்கள்

காலையிலிருந்து வடகிழக்குக் காற்று. கடல் நுரைத்துக் கிடக்கிறது. போர்ட் பிளேர் கப்பல் இரண்டும் ரத்து, ரங்கத் போவதும் ரத்து. போர்டில் எழுதி மாட்டிய பிறகும் டிக்கெட் கவுன்டர் முன்னால் கூட்டம். "மேடம், ஜஹாஜ் ஜாயேகா?" போகாது ஐயா, போகாது. எழுத்து தெரியாதவர்கள் கேட்டால் நியாயம். கண்ணாடி போட்டவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: ரத்து ரிஜிஸ்டர். உளுந்து, தேங்காயெண்ணெய். அடுப்படித் தகரம் ஒழுகுகிறது, இவரிடம் சொல்ல வேண்டும் (நாலாவது தடவை).

கூட்டம் கலைந்த பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் பெஞ்சில். என் வயது இருக்கும், ஐம்பது. பேர் எவா. ஊர் போலந்து. நாளை மறுநாள் அவர்களுக்குப் பெரிய பண்டிகையாம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாடு. போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தால்தான் பிள்ளைகளோடு ஒழுங்காகப் பேச முடியும் என்று அழாத குறை. எங்கள் ஹேவ்லாக் தீவு சிக்னலை நம்பி எவன் குடும்பம் நடத்தினான்? டீ வாங்கிக் கொடுத்தேன்.

என்னுடையது கவுன்டர் இங்கிலீஷ். அவளுடையதும் உடைந்த இங்கிலீஷ்தான். அதனால் நன்றாகப் புரிந்தது. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்காருவார்களாம். பன்னிரண்டு பதார்த்தம். கறி கிடையாது, மீன் உண்டு. மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். அன்றைக்கு ஆடுமாடு பேசும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். அப்புறம், ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்களாம்.

யாருக்கு என்றேன்.

தெரியாது, யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர்களுக்கு என்றாள்.

யாரும் வராவிட்டால்?

அப்போதும் தட்டு இருக்கும் என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் எழுந்துவிட்டேன். ரிஜிஸ்டர் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். இன்றோடு பதினாலு மாசம். போன வருஷம் இதே இருபத்திரண்டாம் தேதி, அக்டோபர், விடியற்காலை, கதிர் டிங்கியை எடுத்துக்கொண்டு தூண்டில் போடப் போனான். மத்தியானம் வந்துவிடுவேன் என்றான். டிங்கியும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. கோஸ்ட் கார்டு பத்து நாள் தேடியது. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

உளுந்து வாங்க மறந்துவிட்டது.

டிசம்பர் 23, செவ்வாய்

காற்று கொஞ்சம் தணிந்தது. ஒரு கப்பல் போனது. எவாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

நாள் முழுக்க அந்தத் தட்டு யோசனைதான். நம் ஊரில் நடக்குமா?

— நம் வீடுகளுக்குச் சொல்லாமல் வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வந்த பிறகு தட்டு வரும். வராதவனுக்கு முன்கூட்டியே எவள் வைப்பாள்?

— மேஜை இல்லை. தரை. எறும்பு.

— கிறிஸ்துமஸ் நம்முடையது இல்லை. அதனால் என்ன? துர்கா பூஜை கிச்சடிக்கு நான் வரிசையில் நிற்கிறேன். பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்து வீட்டு ஷிப்ரா பால்குடத்துக்குப் பின்னால் நடக்கிறாள். காகித நட்சத்திரம் எல்லார் வாசலிலும் தொங்குகிறது. இந்தத் தீவில் எது யாருடைய பண்டிகை என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது.

— வைக்கோல் தேவையில்லை.

— ஆடுமாடு பேசுவது: எங்கள் வீட்டில் மனிதர்களே பேசுவதில்லை.

இவர் ஷெட்டுக்குப் போகிறார், படகு எஞ்சினைப் பிரிக்கிறார், பூட்டுகிறார், வந்து சாப்பிடுகிறார். முன்னெல்லாம் ஒரு தடவை பூட்டினால் பூட்டினதுதான். இப்போது யாருடைய எஞ்சினையும் மூன்று தடவை பிரித்துப் பார்க்கிறார். கதிர் கொண்டுபோன எஞ்சின் இவர் ரிப்பேர் செய்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதையே பெரிய குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

ஆடி அமாவாசைக்கு, "எள்ளுந்தண்ணியும் விட்ரலாமா சரசு" என்றார். கையிலிருந்த கரண்டியை எறிந்தேன். அடுப்பில் பட்டது. அதோடு பேச்சு நின்றது.

இவர் சொல்வதில் தப்பில்லை, அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் சுமத்ரா பக்கம் ஒதுங்கி, ஜெயிலில் கிடந்து, திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்களே. வண்டூர்க்காரன் ஒருவன் வரவில்லையா? அவன் அம்மா எள்ளு விட்டிருந்தால் அவன் எந்த முகத்தோடு வாசல்படி ஏறுவான்?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வருவான் என்றும் சொல்ல வேண்டாம், வரமாட்டான் என்றும் சொல்ல வேண்டாம். ஒரு இடம் மட்டும் போட்டு வைத்திருக்க வேண்டும். போலந்தில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நம்மவர்களிடம் இத்தனை சடங்கு இருக்கிறது, இதற்கு ஒன்றும் இல்லை.

நாளை செய்து பார்க்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

வானம் தெளிவு. அரை நாள் லீவு போட்டேன். கூட வேலை செய்யும் அப்பாராவ், "க்யா மேடம்ஜி, கர் மே பங்ஷன்?" வீட்டில் விசேஷமா என்றான். ஆமாம், விருந்தாளி என்றேன். பொய்யில்லையே.

சுரமாய் மீன் குழம்பு. பருப்பு. பப்பாளிக்காய்ப் பொரியல். அப்பளம். சேமியா பாயசம். உப்பையும் ஊறுகாயையும் சேர்த்து ஏழு. பன்னிரண்டுக்கு எங்கே போவது?

பண்டிகை என்பதால் ஷிப்ரா தோட்டத்தில் இலை அறுத்து வந்தேன். ஐந்தேகாலுக்கு நட்சத்திரம் வந்துவிட்டது. மூன்று இலை போட்டேன். மூன்றாவதிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பரிமாறினேன்.

இவர் கை கழுவிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"சரசு."

பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாள்.

"நீயாவே போட்டியா?"

ஆமாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பும் டீசலும் வாசனை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை. "ஒன்னய நான் அவசரப்படுத்தணும்னு நெனைக்கல சரசு. ஒனக்கா தோணட்டும்னுதான் இருந்தேன். எனக்கும் முடியல. ராத்திரி படுத்தா எஞ்சின் சத்தம்தான் கேக்குது. நல்லவேளை. நல்லவேளை நீயே போட்ட" என்றார்.

அப்பாராவ் மூலமாக எவா சங்கதி இவர் காதுக்குப் போயிருக்கிறது, புரிந்துகொண்டுவிட்டார் என்றே நினைத்தேன். பதினாலு மாசத்தில் முதல் தடவையாக இவர் தோளில் சாய்ந்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு எழுந்து அறைக்குள் போனார். கதிர் போட்டோவோடு வந்தார். மூன்றாவது இலைக்கு மேல் சுவரோரம் சாய்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி. ஊதுபத்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் இல்லாத இலைக்கு நம்மிடம் ஒரே அர்த்தம். செத்தவர்களுக்குப் போடுகிற இலை. அம்மாவுக்குப் போட்டிருக்கிறேன், மாமனாருக்கு வருஷா வருஷம் போடுகிறேன். ஐம்பது வயதுக்காரிக்கு இலை அறுக்கும்போதுகூட அது தோன்றவில்லை. அவள் தட்டு என்றாள், நான் பண்டிகைக்கு இலைதானே என்று போட்டேன். அறிவு கெட்டவள்.

தீப்பெட்டியைப் பிடுங்கினேன். "இது வர்றவங்களுக்குப் போட்டது. விருந்தாளிக்கு."

"எந்த விருந்தாளிக்கு?"

சொன்னேன். கப்பல் ரத்து, போலந்து, நட்சத்திரம், தட்டு. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தம்மா ஊர்ல புள்ளயக் காணாதவங்கதான் வைக்கிறாங்களா?"

"இல்ல. எல்லாருமே வைப்பாங்களாம்."

"அப்ப அவங்களுக்கு அது வெளையாட்டு சரசு" என்றார். போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடவில்லை. நானும் இல்லை. மூன்று இலையும் வெளியே போனது. ஷிப்ராவின் கோழிகளுக்குத்தான் பண்டிகை.

ஒரு கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும்.

டிசம்பர் 25, வியாழன்

கடல் அமைதி. எல்லாக் கப்பலும் ஓடின. எவா போனாள். நேற்று தட்டு வைத்தாயா என்று கேட்டாள். "எஸ், எஸ், வெரி நைஸ்" என்றேன். கட்டிப்பிடித்து ஒரு சாக்லேட் கொடுத்தாள். மேஜை டிராயரில் கிடக்கிறது.

டிசம்பர் 27, சனி

தகரம் ஒழுகுவது நின்றது. இவர் சொல்லாமலே ஏறி அடைத்திருக்கிறார்.

யோசித்தேன். குற்றம் இலையின் மேல்தான், வழக்கத்தின் மேல் இல்லை. எவர்சில்வர் தட்டு வைத்தால் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தட்டில் யாருக்கும் படைப்பதில்லை. சோறும் போட வேண்டாம். வெறும் தட்டு, ஒரு டம்ளர், அவ்வளவுதான். பண்டிகைக்கு மட்டும் என்றில்லாமல் தினமும்.

பேர் வெட்டாத பொதுத் தட்டாக ஒன்று எடுத்தேன். கதிருக்கென்று ஒரு தட்டு இருக்கிறது, காதுகுத்துக்கு என் தம்பி கொடுத்தது, பேர் வெட்டினது. அதை எடுக்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் என்பதுதானே விஷயம்.

இவர் பார்த்தார். தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

டிசம்பர் 30, செவ்வாய்

டூரிஸ்ட் கூட்டம் தாங்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது. மிளகு வாங்க வேண்டும்.

ஷிப்ரா சாயங்காலம் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். தட்டைப் பார்த்துவிட்டு, "பாபி, யே கிஸ்கா தாலி ஹை?" அண்ணி, யாருடைய தட்டு என்று. விளக்கினேன். நல்லதுதான், ஆனால் நிஜமாகவே யாராவது வந்துவிட்டால் என்றாள். "தோ கிலாயேங்கே, அவுர் க்யா?" என்றேன். வந்தால் சோறு போடுவோம், வேறென்ன. பெரிய தருமவதி மாதிரி.

அவள் போன பிறகு இவர், முகத்தைப் பார்க்காமல்: "ஊரெல்லாம் வந்து கேக்குறாங்க. கேக்குறவங்களுக்கு நீ போலந்து கத சொல்ற. எனக்கு ஒரு கதயும் சொல்ல வரல."

ஜனவரி 2, வெள்ளி

இன்றைக்குக் கதிர் தட்டையே வைத்தேன். பொதுத் தட்டு கழுவாமல் கிடந்தது.

பொய். கழுவித்தான் இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம்.

பத்து மணிக்கு அப்பாராவ் ஓடி வந்தான். வெளிநாட்டுக் கரையில் ஒதுங்கிப் பிடிபட்ட டிங்கிக்காரர்கள் சிலரை விடுகிறார்களாம், பேர்ப் பட்டியல் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறதாம். "ஜாவோ மேடம்ஜி, கவுன்டர் மே பார்த்துக்கிறேன்" என்றான் அவனுடைய கலவைத் தமிழில். செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன். வழியில் ஷெட். இவர் என்னைப் பார்த்ததும் பைக்கை எடுத்தார்.

இவர் ஸ்டேஷனுக்குள் வரவில்லை. பைக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நின்றார்.

ரைட்டர் போனில் பட்டியலைக் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. கே என்ற எழுத்தில் ஒரு பேர். விரலை வைத்துப் படித்தேன். கார்த்திக். அப்பா பேர் வேறு, வயது நாற்பத்தொன்று. மேலிருந்து கீழே நாலு தடவை படித்தேன். ரைட்டர் நல்ல மனுஷன், போனைத் திருப்பிக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்.

வெளியே வந்ததும் இவர், "இல்லையா?"

"இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. பைக்கில் வரும்போது இவர் முதுகு குலுங்கியது. ரோடு மோசம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் கார்த்திக்கின் வீட்டில் இன்றைக்கு எப்படி இருக்கும்? நன்றாக இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன், வயிறு எரிகிறது.

தட்டு வைத்தேன்.

"இன்னும் எத்தன நாளைக்கு?" என்றார்.

தெரியாது என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

காற்றழுத்தத் தாழ்வாம். நேற்றிலிருந்து மழை. எல்லாக் கப்பலும் ரத்து. படகுத்துறையில் மாட்டிக்கொண்டவர்கள் சண்டை. மூன்று மணிக்கே கடைகள் அடைப்பு. கரண்ட் இல்லை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வாசலில் ஒரு ஆள். சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் பை. காலையில் என் கவுன்டரில் டிக்கெட்டை ரத்து செய்தவன்தான், முகம் நினைவிருந்தது. முப்பது வயது இருக்கும். மதுரைப் பக்கம். ரிசார்ட் ஒன்றில் டைல்ஸ் வேலை, முடிந்து ஊருக்குக் கிளம்பினவன். ரூமைக் காலி செய்துவிட்டானாம். ரோட்டில் போகும்போது உள்ளே தமிழ்ப் பேச்சு கேட்டு நின்றிருக்கிறான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கட எதுவும் இல்ல. காலைல ரெண்டு பன்னு சாப்பிட்டது. கொஞ்சம் சோறு கெடைக்குமா?"

எவா சொன்னது அப்படியே. கதவைத் தட்டிய ஆள், முன்பின் தெரியாதவன், பசி. பண்டிகை ஒன்றுதான் குறை.

இவர், "வாங்க வாங்க, இதென்ன கேள்வி, உள்ள வாங்க" என்று துண்டு கொடுத்தார். நான் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தேன். அவன் தலையைத் துவட்டிவிட்டு, கீழே போட்டிருந்த தட்டைப் பார்த்தான். தனக்கு வைத்தது என்று நினைத்து, காலை மடக்கி உட்காரப் போனான்.

"அங்க ஒக்காராதீங்க! அங்க ஆள் இருக்கு!"

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவள் மாதிரி கத்தினேன். அவன் பாதி உட்கார்ந்தவன் பதறி எழுந்தான். "மன்னிச்சிருங்கக்கா, தெரியாது, தெரியாது" என்று சுவரோரம் போய் நின்றுகொண்டான். சோறு கேட்டு வந்தவன், கூனிக் குறுகி.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. அலமாரியிலிருந்து வேறு தட்டு எடுத்தார். தன் பக்கத்தில் வைத்தார். என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி அவரே போட்டார்.

சாப்பிடும்போது அந்த ஆள் கதிர் தட்டைப் பார்த்து, வெட்டியிருந்த பேரைப் படித்திருக்க வேண்டும். ஏதாவது பேச வேண்டுமே என்று, "தம்பி வர நேரமாகுமோ அண்ணே? சோறு ஆறிருமே" என்றான்.

"கடலுக்குப் போயிருக்கான்."

"இந்தக் காத்துலயா?"

இவர் மோர் ஊற்றினார்.

ஷெட்டில் பாய் போட்டுக் கொடுத்தார். அந்த ஆள் படுக்கப் போகும்போது என்னிடம், "ரொம்ப நன்றிக்கா" என்றான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 10, சனி

மழை விட்டது. முதல் கப்பலிலேயே அந்த ஆளுக்கு இடம் போட்டுக் கொடுத்தேன், கோட்டாவில். செய்யக் கூடாதுதான். பேர் டிக்கெட்டில்தான் தெரிந்தது: பாண்டி. வீட்டில் இருந்தபோது பேர்கூடக் கேட்கவில்லை.

நடக்குமா நடக்காதா என்று பட்டியல் போட்டேனே. நடக்காது. எறும்பாலோ மேஜையாலோ இல்லை. அவர்கள் வைக்கிற தட்டில் எவனும் உட்காரலாம். நான் வைத்ததில் உட்கார வந்தவனை விரட்டினேன். பசித்து வந்தவனை. பாண்டிக்கும் ஓர் அம்மா இருப்பாள். அவன் எங்கே சாப்பிட்டானோ என்று நேற்று அவளும் நினைத்திருப்பாள்.

அதைவிட மோசம் ஒன்று. கவுன்டரில் உட்கார்ந்து, டிக்கெட் கிழித்துக்கொண்டே, அது மண்டைக்குள் வந்தது. உயிரோடிருக்கிற எவனும் உட்காரக் கூடாது என்றால் அது யாருக்குப் போட்ட தட்டு? கதிர் எங்கோ இருக்கிறான், வருவான் என்று நிஜமாக நம்புகிறவள் என்ன செய்திருப்பாள்? உட்காரப்பா, என் பிள்ளை வந்தால் அவனுக்கு வேறு தட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றிருப்பாள். அலமாரி நிறையத் தட்டு இருக்கிறது.

நான் நம்பவில்லை. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. இவர் முன்னால் கரண்டியை எறிந்தேனே, அன்றைக்கே நம்பிக்கை இல்லையோ என்னவோ. இலையைத் தட்டாக மாற்றினேன், அவ்வளவுதான் செய்தது. பதினைந்து நாளாகப் பெற்ற பிள்ளைக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், போலந்து பேரைச் சொல்லிக்கொண்டு.

பாவி. பாவி. வேறென்ன எழுத.

ஜனவரி 12, திங்கள்

நேற்றும் இன்றும் தட்டு வைக்கவில்லை. சோறு, ரசம், இரண்டு பேர்.

இவர் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கதிர் தட்டை எடுத்து வந்து, அதன் இடத்தில் வைத்தார். டம்ளரையும் வைத்தார்.

"இருக்கட்டும். ஒனக்கு அது ஒரு தெம்புன்னா இருந்துட்டுப் போகுது. நான் ஒண்ணும் சொல்லல."

அந்த மனுஷனை என்ன செய்வது? முன்பே சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இப்போது வந்து சொல்கிறார்.

"வேணாங்க. அமாவாசை எப்ப?"

தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம" என்றார். "தை அமாவாசை."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கல் வைக்கவில்லை. ஷிப்ரா கரும்பு ஒரு துண்டு கொடுத்தாள். படகுத்துறையில் தமிழ் ஆட்கள் எல்லாம் புதுச் சட்டை. "ஹேப்பி பொங்கல் மேடம்." ஹேப்பி பொங்கல்.

ரிஜிஸ்டரில் தேதி தப்பாக எழுதி மூன்று இடத்தில் திருத்தம்.

ஜனவரி 16, வெள்ளி

முருகன் கோயில் பூசாரியிடம் போய் வந்தோம். உடம்பு கிடைக்காதவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் பொறுக்கச் சொல்வார்கள் என்றார். அதுவரை இவர் இருப்பாரா, நான் இருப்பேனா? அதை நான் கேட்கவில்லை. இவர்தான் கேட்டார். பூசாரி தரையைப் பார்த்தார். "பெத்தவங்க மனசு ஆறணும். எள்ளுந்தண்ணியும் விட்டுக்குங்க. வந்தா வரட்டும், அதுக்கும் ஒரு பரிகாரம் இருக்கு" என்றார். எல்லாவற்றுக்கும் பரிகாரம் வைத்திருக்கிறார்கள்.

அப்பன் மகனுக்கு விடலாமா என்று இவர் கேட்டார். கல்யாணம் ஆகாத பிள்ளை, வேறு பிள்ளையும் இல்லை, அப்பன்தான் விட வேண்டும் என்றார் பூசாரி.

வாங்க வேண்டியவை: கறுப்பு எள். தர்ப்பை அவரே கொண்டுவருவார். வெற்றிலை. கற்பூரம். வேட்டி ஒன்று (இவருடையது கறை).

ஜனவரி 17, சனி

எள் கோவிந்த் நகர்க் கடைகளில் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து வரும் கப்பல்காரரிடம் சொல்லி வாங்கினேன். "மேடம், எள்ளுருண்டை பண்றீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காது இரண்டும் கதிருக்கு மாதிரியே விறைத்து நிற்கிறது. இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஆறு மணிக்குக் கிளம்பினோம். டூரிஸ்ட் வராத பக்கமாக, பாறை இருக்கும் கரை. வானம் வெளுப்பு. அலை பலமில்லை என்றாலும் பாறையில் அடித்துச் சத்தம்.

பூசாரி மணலில் தர்ப்பையைப் பரப்பினார். இவரை முழங்கால் தண்ணீரில் தெற்கே பார்த்து நிற்கச் சொன்னார். உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும் ஊற்றினார். நான் கரையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. எதற்குப் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை.

"எறந்தவர் பேரு சொல்லுங்கண்ணே."

இவர் வாய் திறந்தார். தாடை அசைந்தது. ஒன்றும் வரவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது. பூசாரி மறுபடியும் ஊற்றினார். "பேரு அண்ணே." மறுபடியும் ஒழுகியது. எள்ளுந்தண்ணியும் விடலாமா என்று முதலில் கேட்ட மனுஷன். திரும்பி என்னைப் பார்த்தார். எஞ்சின் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு நல்லா ஓடுதா என்று பார்க்கிற பார்வை இல்லை அது. அந்த மாதிரி முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நான் தண்ணீரில் இறங்கினேன். புடவை நனைந்தது. பேரை நான் சொன்னேன்.

"கதிரவன்."

"சத்தமாச் சொல்லுங்கம்மா. அலையில கேக்கல."

மூச்சை இழுத்துச் சொன்னேன். வாயிலிருந்து வந்தது அது இல்லை. "கதிரூ" என்று வந்தது. சின்ன வயதில் படகுத்துறையில் விளையாடிக்கொண்டிருப்பான், வீட்டு வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவேன், அதே கத்தல்.

பூசாரி மந்திரத்தை நிறுத்திவிட்டார். இவர் கையில் எள்ளோடு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கூப்பிட்டாயிற்று, பதில் வரட்டும் என்பதுபோல் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.